வளைந்து நின்ற வேலி: புதுச்சேரியைச் சுற்றியிருந்த உயிர்வேலியின் கதை



நம்ம தவளக்குப்பம் பக்கத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஏதாவது ஒரு வேலி கண்ணில் படும். சவுக்குக் கழி ஊன்றிக் கட்டிய வேலி, பனைமட்டை வேலி, தென்னங்கீற்று வேலி, கம்பி வேலி. வசதி வந்தவர்கள் காம்பவுண்டு சுவர் எழுப்பிவிட்டார்கள். வேலி என்றதும் நமக்கு ஆடும் கோழியும், கத்தரிச் செடியும், பக்கத்து வீட்டுக்காரரோடு நடந்த பேச்சும்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஆனால் ஒரு காலத்தில் புதுச்சேரி நகரம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு வேலி இருந்தது. செடியும் முள்ளும் மரமுமாக வளர்ந்த வேலி. வடக்கே கடற்கரையில் தொடங்கி, மேற்கே அரைவட்டமாக வளைந்து, தெற்கே அரியாங்குப்பம் ஆற்றில் வந்து முடிந்தது. டவுனுக்குப் போகும்போது முருங்கப்பாக்கத்துக்கு முன்னால் பஸ்ஸில் பாலத்தின் மேல் கடக்கிறோமே, அதே ஆறுதான். அந்த வேலியைப் பற்றி நம்ம பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அதனால் மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்றதும் இதையே எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன். ராஜா, கவர்னர் கதையாகத் தொடங்கினாலும், இது கடைசியில் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களின் கதை.

வேலி எப்படி இருந்தது?

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஆண்ட 18-ஆம் நூற்றாண்டில், நகரத்துக்கு இரண்டு அடுக்குப் பாதுகாப்பு இருந்தது. உள்ளே கோட்டையும் மதிலும். அதற்கு வெளியே சுமார் ஒரு மைல் தள்ளி இந்த உயிர்வேலி. ஆங்கிலேயர்கள் இதற்கு ‘பவுண்ட் ஹெட்ஜ்’, அதாவது எல்லை வேலி என்று பெயர் சொன்னார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் என்பவர் இந்த வேலியை விவரமாகவே எழுதி வைத்திருக்கிறார். பெரிய பெரிய கற்றாழைகள், இந்த மண்ணுக்கே உரிய முட்செடிகள், அவற்றுக்கு நடுநடுவே ஏராளமான தென்னையும் பனையும். குதிரைப் படையால் உள்ளே நுழையவே முடியாது. காலாட்படைக்கும் ரொம்பக் கஷ்டம். வடக்கே கடற்கரையிலிருந்து ஆற்றங்கரை வரை சுமார் ஐந்தரை மைல் நீளம் என்பது அவர் கணக்கு. ஆற்றில் சேர்ந்த இடத்திலிருந்து கடல் வரைக்கும் ஆறே வேலி. உள்ளே அடங்கிய நிலம் ஏறக்குறைய ஏழு சதுர மைல்.

வெளியூர் போகும் பெரிய ரோடுகள் வேலியைக் கடக்கும் இடங்களில் சிறு காவல் கோட்டைகள் இருந்தன. சென்னை ரோட்டில் ஒன்று, வழுதாவூர் ரோட்டில் ஒன்று, வில்லியனூர் ரோட்டில் ஒன்று, அரியாங்குப்பம் பக்கம் ஒன்று. நம்ம தோட்டத்தில் படல் வைக்கிற மாதிரிதான். வேலி எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் படலில்தான் காவல் வேணும்.

இது பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. நம்ம பழைய நூல்களில் கோட்டைக்கு வெளியே ‘காவற்காடு’ என்று ஒன்று வரும். திருக்குறளில் அரண் என்று ஓர் அதிகாரமே உண்டு. நீர், நிலம், மலையோடு காட்டையும் அரணாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் வள்ளுவர். தென்னாட்டுப் பாளையக்காரர்களின் கோட்டைகளைச் சுற்றியும் முள்வேலி வளர்த்திருந்தார்கள். வந்த வெள்ளைக்காரர்கள் இந்த நாட்டு வழக்கத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் வளைவாக?

சதுரமாகப் போடாமல் ஏன் வளைத்தார்கள் என்று கேட்கலாம். இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. நம்ம தோட்டத்துக்கும் உதவும்.

உங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டித் தோட்டம் போட வேண்டும். கையில் 100 அடிக்கு மட்டும் வேலி இருக்கிறது. பக்கத்துக்கு 25 அடி, எதிரே 50 அடி என்று செவ்வகமாகப் போட்டால் உள்ளே 1250 சதுர அடி கிடைக்கும். செவ்வகத்தில் இதுதான் அதிகபட்சம். அதே 100 அடியைச் சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அரைவட்டமாக வளைத்தால் சுமார் 1590 சதுர அடி வரும். செலவு அதே செலவு. இடம் மட்டும் கால் பங்குக்கு மேல் கூடுதல். புதுச்சேரிக்குக் கடற்கரைதான் பின்சுவர். அதனால் அரைவட்டம் என்பது சிக்கனமான வேலி.

இன்னொரு காரணம் பீரங்கி. குண்டு எந்தப் பக்கம் சுட்டாலும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகும். அதனால் காவல் எல்லை தானாகவே வட்டமாகிவிடும். நமக்குத் தெற்கே கடலூரில் இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. 1690-இல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள நிலமும் சேர்த்தி என்று ஒப்பந்தம். சுட்டார்கள், குண்டு விழுந்த தூரத்துக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் அவர்களுக்குப் போயிற்று. அந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வந்துவிட்டது. உழுதவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோட்டைக்கும் பிறகு இதே மாதிரி ஓர் எல்லை வேலி இருந்தது.

இப்போது வரைபடத்தைப் பார்த்தால், வடக்கே புதுச்சேரி வேலி, தெற்கே கடலூர் வேலி, நடுவில் நம்ம தவளக்குப்பம் பக்கம். இரண்டு வேலிக்கும் வெளியே இருந்த ஊர்கள் நம்முடையவை.

1748: அரியாங்குப்பத்தில் நடந்த சண்டை

துய்ப்ளே கவர்னராக இருந்த காலம். 1748-இல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவென் பெரிய படையோடு கடலூர்ப் பக்கமிருந்து வடக்கே வந்தார். முதலில் மோதியது அரியாங்குப்பத்தில் இருந்த பிரெஞ்சுக் கோட்டையோடு. சின்னக் கோட்டைதானே என்று நினைத்தார்கள். அங்கேயே பல நாள் ஓடிப்போயிற்று. ஆங்கிலேயரின் பேர்பெற்ற தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அங்கேதான் பிடிபட்டார். பிறகு பிரெஞ்சுக்காரர்களின் வெடிமருந்தே வெடித்துச் சேதமானதால் அவர்கள் அந்தக் கோட்டையை விட்டு நகரத்துக்குள் போனார்கள்.

ஆங்கிலப் படை வேலியைத் தாண்டி உள்ளே புகுந்து முற்றுகை போட்டது. ஆனால் அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. ஐப்பசி மழை நமக்குத் தெரியாததா? பள்ளத்தில் எல்லாம் தண்ணீர், படையில் நோய். அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்கள். அந்தத் தடவை வேலியும் ஆறும் மழையும் சேர்ந்து நகரத்தைக் காப்பாற்றின.

அந்த நாட்களில் துய்ப்ளேயிடம் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-இலிருந்து பல ஆண்டுகள் அவர் தமிழிலேயே நாட்குறிப்பு எழுதினார். கடைவீதியில் என்ன பேச்சு, எந்தக் கப்பல் வந்தது, யாருக்கு என்ன நடந்தது என்று நம்ம பேச்சுத் தமிழுக்குக் கிட்டத்தில் அவர் எழுதி வைத்ததால்தான் அந்தக் காலம் நமக்குத் தெரிகிறது. குழுவில் தீர்மானப் புத்தகம் எழுதச் சலித்துக்கொள்கிறவர்கள் அவரை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

1760: வேலிக்கும் கோட்டைக்கும் நடுவில்

12 வருஷம் கழித்து நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்.

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. ஜெயித்த ஆங்கிலத் தளபதி அயர் கூட் ஒவ்வொரு ஊராகப் பிடித்துக்கொண்டு புதுச்சேரிக்கு வந்தார். நகரத்துக்குள் பிரெஞ்சுத் தளபதி லாலி. செப்டம்பரில் ஆங்கிலேயர்கள் வேலியின் காவல் கோட்டைகளைப் பிடித்தார்கள்.

இதற்கப்புறம் என்ன ஆயிற்று பாருங்கள். நகரத்தைக் காப்பாற்றுவதற்காக வளர்த்த வேலி, எதிரிக்குக் காவல் வேலியாகிவிட்டது. ஆங்கிலேயர்கள் வேலியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். வெளியிலிருந்து ஒரு மூட்டை நெல் உள்ளே போக முடியாது. உள்ளிருந்து ஒரு ஆள் வெளியே வர முடியாது. கடல் பக்கம் அவர்களுடைய கப்பல்கள். முள்ளும் கற்றாழையும் அதே இடத்தில் அப்படியேதான் நின்றன. யார் கையில் படல் இருக்கிறதோ அவர்களுக்கு அது வேலை செய்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நாம் சொல்லுவோமே, அது நிஜமாகவே நடந்த இடம் புதுச்சேரி.

நகரத்தில் சாப்பாடு தீர்ந்துகொண்டே வந்தது. சாப்பிடும் வாய்களைக் குறைக்க வேண்டும் என்று லாலி முடிவு செய்தார். நவம்பர் 27 அன்று, நகரத்தில் இருந்த நம்ம ஜனங்கள் சுமார் 1400 பேரை வெளியே விரட்டிவிட்டார்கள். ஆண்கள், பெண்கள், கிழவர்கள், கைக்குழந்தைகள். அவர்கள் நடந்து வேலி வரைக்கும் போனார்கள். அங்கே ஆங்கிலக் காவல். உள்ளேயே இருந்தால் லாலிக்கு அரிசி சீக்கிரம் தீரும், அவர் சீக்கிரம் சரணடைவார் என்பது ஆங்கிலேயர்களின் கணக்கு. அதனால் வெளியே விடவில்லை. திரும்பிக் கோட்டைக்குப் போனால் அங்கேயும் கதவு திறக்கவில்லை.

எட்டு நாள் அந்த 1400 பேரும் கோட்டைக்கும் வேலிக்கும் நடுவில் இருந்த வெட்டவெளியில் கிடந்தார்கள். புல்லைப் பிடுங்கி அதன் வேரைத் தின்றார்கள் என்று ஓர்ம் எழுதியிருக்கிறார். அவர் ஆங்கிலேயர் பக்கத்துக்காரர். அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். எட்டு நாளுக்குப் பிறகுதான் அயர் கூட் மனம் இறங்கி அவர்களை வெளியே விட்டார்.

கார்த்திகை மாசம். மழையும் பனியும். கைக்குழந்தையோடு எட்டு நாள். தளபதிகளின் பேரெல்லாம் நமக்குத் தெரிகிறது. அந்த 1400 பேரில் ஒருத்தர் பேர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் எங்கே போனார்கள் என்றும் யாரும் எழுதி வைக்கவில்லை. வேலியை நட்டதும் தண்ணி ஊற்றியதும் வெட்டிச் சீர் செய்ததும் இந்த ஜனங்களின் முன்னோர்கள் கையாகத்தான் இருந்திருக்கும். கவர்னர் கையில் மண்வெட்டி பிடிக்கமாட்டார்.

புயலும் முடிவும்

அந்த டிசம்பர் 31 ராத்திரி ஒரு பெரிய புயல் அடித்தது. கரைக்கு அப்பால் நின்ற ஆங்கிலக் கப்பல்களில் சில மூழ்கின, சில புதுச்சேரிக்குத் தெற்கே நம்ம பக்கத்துக் கரையில் வந்து மோதின. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2011-இல் தானே புயல் வந்ததும் இதே டிசம்பர் கடைசியில்தான். முந்திரியும் சவுக்கும் தென்னையும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நாம் கண்ணால் பார்த்தவர்கள். அதனால் 250 வருஷத்துக்கு முந்தைய அந்தப் புயலை மனசில் நினைத்துப் பார்ப்பது நமக்குக் கஷ்டமில்லை.

புயல் வந்தும் முற்றுகை உடையவில்லை. 1761 ஜனவரி நடுவில் லாலி சரணடைந்தார். ஆனந்தரங்கப் பிள்ளையும் அந்த மாசத்திலேயே காலமானார். வென்றவர்கள் கோட்டையையும் நகரத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763 ஒப்பந்தப்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பிக் கிடைத்தது. பிறகும் 1778, 1793, 1803 என்று கை மாறிக்கொண்டே இருந்தது. 1814-இல் கடைசியாக ஒப்பந்தம் ஆனபோது, திருப்பித் தரும் ஊர்களில் பிரெஞ்சுக்காரர்கள் இனிமேல் கோட்டை கொத்தளம் கட்டக்கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டார்கள். காவல் வேலிக்கும் அத்தோடு வேலை இல்லாமல் போனது. உள்ளே இருந்த பழைய மதிலின் தடத்தில் ரோடு போட்டார்கள். இப்போதைய படேல் சாலை, அண்ணா சாலை, சுப்பையா சாலை மூன்றும் டவுனை முட்டை வடிவத்தில் சுற்றி வருவதற்கு அதுதான் காரணம். உயிர்வேலி நின்ற இடத்தில் இப்போது வீடுகளும் கடைகளும்.

வேலிச் செடிகளின் கதை

செடிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நம்ம பாட்டிகள் காலத்தில் வேலியெல்லாம் சப்பாத்திக்கள்ளியாக இருந்தது என்று சொல்லக் கேட்டிருப்போம். அது அமெரிக்காவிலிருந்து வந்த செடி. அதில் வளரும் ஒரு சின்னப் பூச்சியை நசுக்கினால் சிவப்புச் சாயம் கிடைக்கும். கம்பெனிக்காரர்கள் அந்தச் சாயத்துக்கு ஆசைப்பட்டு நம்ம நாட்டில் கள்ளியும் பூச்சியும் வளர்த்துப் பார்த்தார்கள். சாயம் சரியாக வரவில்லை. கள்ளி மட்டும் நிலமெல்லாம் பரவிவிட்டது. கடைசியில் 1926-இல் இலங்கையிலிருந்து அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருஷத்திலேயே அது கள்ளியைத் தின்று தீர்த்தது.

சவுக்கும் வெளியூர்ச் சரக்குதான். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேணும் என்று கடற்கரை மணலில் நட்டார்கள். இன்றைக்கு நம்ம பக்கத்து வேலிக் கால், பந்தல் கால், சாரக் கழி எல்லாமே சவுக்கு. சீமைக்கருவேலமும் அதே நூற்றாண்டில் வந்ததுதான். வேலிக்கும் விறகுக்கும் உதவியது. ஏரியையும் வாய்க்காலையும் பிடித்துக்கொண்டது.

நம்ம நாட்டு வேலிச் செடிகள் கிளுவை, பூவரசு, நொச்சி, ஆடாதொடை. கொங்கு நாட்டில் காங்கேயம் பக்கம் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி இன்றைக்கும் கிளுவை வேலிதான். நிலம் எப்படி வளைந்தாலும் வேலியும் கூடவே வளைந்து போகும். உள்ளே மாடு, வேலியில் குருவிக்கூடு.

மற்ற ஊர்களின் வேலிகள்

வடநாட்டில் ஆங்கிலேயர்கள் இதைவிடப் பெரிய வேலி ஒன்று போட்டார்கள். உப்பு வரிக்காக. சிந்து நதிப் பக்கமிருந்து ஒரிசாவின் மகாநதி வரைக்கும் 2000 மைலுக்கு மேல் ஒரு சுங்கக் கோடு. அதில் பல நூறு மைல் தூரத்துக்கு முட்செடி வேலி. காவலுக்குச் சுமார் 12,000 பேர். எதற்கு? ஏழை ஜனங்கள் வரி கட்டாமல் ஒரு பிடி உப்பு கொண்டுபோய்விடக் கூடாதாம். 1879-இல்தான் அதை விட்டார்கள்.

யாழ்ப்பாணத்து வேலி வேறு விதம். நாம் கீற்று என்பதை அவர்கள் கிடுகு என்பார்கள். கதியால் என்று சொல்லும் உயிர்க்கால்களை நட்டு, அதில் கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டுவார்கள். கால் வேர் விட்டு வளரும். ஓலையை மட்டும் அவ்வப்போது மாற்றுவார்கள். அந்த ஓலை மாற்றும் நேரத்தில்தான் வம்பும் வரும். ஒவ்வொரு தடவையும் நாலு விரல் தள்ளி நட்டால் சில வருஷத்தில் ஒரு முழம் போய்விடும் இல்லையா? வேலிச் சண்டையில் கோர்ட்டு வரைக்கும் போன குடும்பங்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. ‘வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி’ என்று பழமொழி சும்மா வரவில்லை.

நம்ம ஊரிலேயும் கடைசியாக ஒரு வேலி இருந்தது. இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகும் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலேயே இருந்தது. 1949-இல் சுங்க உடன்பாடு முடிந்ததும் எல்லையில் சுங்கச்சாவடிகள் வந்தன. நம்ம எல்லையோ நேராகப் போகாது. ஒரு ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடி புதுச்சேரி. அப்படிப்பட்ட எல்லையில் சந்தைக்குப் போவதும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதும் எல்லை தாண்டும் விஷயமாகிவிட்டது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றும் 8 பேர் வேண்டாம் என்றும் ஓட்டுப் போட்டார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கை மாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. அந்த வேலியும் போயிற்று. கத்தி இல்லாமல், ஓட்டில் போனது.

நம்ம தோட்டத்தில் வளைவான எல்லை வந்தால்

இத்தனை வரலாறும் படித்துவிட்டு நம்ம கொல்லைக்கு வருவோம். வாய்க்கால் ஓரம், ஏரிக்கரை ஓரம், ரோடு திரும்பும் இடம் என்று நம்மில் பலர் மனைக்கு எல்லை வளைந்துதான் போகும். அங்கே கழி வேலி கட்டும்போது சில விஷயம் கவனிக்கணும்.

முதலில் எல்லைக்கல். வேலி கட்டுவதற்கு முன்னால் பட்டாவையும் புல வரைபடத்தையும் பார்த்து, கல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கல் இல்லையென்றால் சர்வேயரை அழைத்து அளக்க மனு கொடுங்கள். பக்கத்து மனைக்காரரையும் கூட வைத்துக்கொண்டு அளப்பது நல்லது. அப்போது பேசி முடித்தால் அரை மணி நேரம். பிறகு என்றால் பத்து வருஷம்.

இரண்டாவது, கால். நேரான இடத்தில் ஆறு அடிக்கு ஒரு கால் போதும் என்றால், வளைவில் மூன்று, நாலு அடிக்கு ஒன்று ஊன்ற வேண்டும். முதலில் சின்ன முளைக்குச்சி அடித்துக் கயிறு சுற்றிப் பாருங்கள். வளைவு கண்ணுக்குச் சரியாக வந்த பிறகு குழி தோண்டுங்கள். கால் ஒன்றரை அடியாவது மண்ணுக்குள் போகணும். மணல் பூமி என்றால் இரண்டு அடி. மண்ணுக்குள் போகும் பாகத்தில் தார் பூசினால் கரையான் அரிப்பது குறையும்.

மூன்றாவது, குறுக்குக் கழி. நீளமான சவுக்குக் கழியை வளைவில் பிடித்துக் கட்டினால் அது நிமிரப் பார்க்கும். கட்டு அவிழும், காலையும் சாய்க்கும். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவில் துண்டுத் துண்டாக வெட்டிக் கட்டுங்கள். இல்லையென்றால் மூங்கில் பிளாச்சு வையுங்கள், அது வளைந்து கொடுக்கும். கம்பி இழுப்பதாக இருந்தால், கம்பி வளைவின் வெளிப்பக்கம் போகணும். முட்டுக்கால் உள்பக்கம் கொடுக்கணும். இழுவை உள்பக்கம்தான் வரும்.

நாலாவது, உயிர்ச்செடி. கழி சில வருஷத்தில் மக்கிவிடும். அதனால் கழி வேலி கட்டும்போதே அதன் ஓரமாகக் கிளுவைப் போத்தோ பூவரசம் போத்தோ ஐப்பசி மழைக்கு முன்னால் நட்டுவிடுங்கள். கழி விழும்போது செடி நின்றுவிடும். பூவரசு ஆட்டுக்குத் தழை, நொச்சி கொசுவுக்குப் புகை, ஆடாதொடை சளிக்குக் கைமருந்து.

ஐந்தாவது, வேலிக்குள் இருக்கிற மனை யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் வந்துவிட்டது. வேலிக்குத் தண்ணி ஊற்றுவது நாம், ஆட்டை விரட்டுவது நாம், காகிதத்தில் மட்டும் நம்ம பேர் இல்லை என்றால் அது சரியா? பட்டாவில் பேர் சேர்ப்பது பற்றி அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு பேச்சாக வைக்கலாம்.

முடிவாக

வேலி வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டோம். வேலி இல்லாத பயிர் வீடு வந்து சேராது. ஆனால் புதுச்சேரியின் உயிர்வேலி நமக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. வேலி தானாக யாரையும் காப்பாற்றாது. படல் யார் கையில், யாருக்காகத் திறக்கும், யாருக்கு மூடும் என்பதுதான் கணக்கு. கோட்டைக்காரர் ஒரு பக்கம் மூட, வேலிக்காரர் மறுபக்கம் மூட, நடுவில் எட்டு நாள் புல்வேர் தின்ற 1400 பேரை நாம் மறக்கக் கூடாது.

நம்ம கூட்டமைப்பும் ஒரு வேலிதான். சேமிப்பைக் காக்கிறது, கந்துவட்டிக்காரரை வெளியே நிறுத்துகிறது. கடன் கட்ட முடியாமல் நின்றுபோன உறுப்பினர், புருஷனை இழந்து கூட்டத்துக்கு வராமல் போனவர், வேறு ஊரிலிருந்து வாடகைக்கு வந்தவர் என்று நம்ம வேலிக்கு வெளியேயும் சிலர் நிற்கிறார்கள். அவர்களை உள்ளே சேர்ப்பதா வேண்டாமா என்று பேச்சு வரும்போது, விதிமுறையையும் பார்ப்போம், ஆளையும் பார்ப்போம். படல் நம்ம கையில்தான் இருக்கிறது.